கணினிக்கு நேரம் சொல்வது யார்?

2025 ஜனவரியில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு வரைவு விதியை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. நிர்வாகம், வணிகம், நிதி, சட்ட ஆவணங்கள் என எல்லாத் துறைகளிலும் இந்தியத் திட்ட நேரத்தையே பயன்படுத்த வேண்டும் என்றது அந்த வரைவு. செய்தியைப் படித்தவர்களுக்கு இயல்பாகவே ஒரு குழப்பம் வந்தது. இப்போது நாம் வைத்திருப்பதும் அந்த நேரம்தானே? இதில் மாறப்போவது என்ன?

கடிகாரம் காட்டும் மணி மாறப்போவதில்லை. அந்த மணியை நம் கணினி யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது என்பதுதான் பேச்சு. இதே கருத்து 2022 ஏப்ரல் 28 அன்று, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஒன்றிய அரசின் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவிலும் இருந்தது. நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றிலிருந்து நேரம் பெறும் சர்வர்களோடு இணைக்க வேண்டும் என்றது அது. பல நாடுகளில் இயங்கும் நிறுவனங்கள் வேறு நம்பகமான மூலத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த நேரம் இவற்றிலிருந்து விலகக் கூடாது.

ஏன் இவ்வளவு கவலை என்பதைப் புரிந்துகொள்ள, கணினிக்குள் நேரம் எப்படி ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு பெட்டிக்குள் இரண்டு கடிகாரங்கள்

மதர்போர்டில் ஒரு சிறு கடிகாரம் இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் அது ஓடும். அதற்காகவே பக்கத்தில் ஒரு பட்டன் செல் பொருத்தியிருப்பார்கள். கணினியை இயக்கும்போது விண்டோஸோ லினக்ஸோ இந்தக் கடிகாரத்தைப் பார்த்து மணியைத் தெரிந்துகொள்ளும். அதன் பிறகு அதை அவ்வளவாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிராசஸருக்குள் உள்ள துடிப்புகளை எண்ணித் தானே ஒரு கடிகாரத்தை நடத்திக்கொள்ளும். திரையின் மூலையில் நாம் பார்ப்பது இந்த இரண்டாவது கடிகாரம்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். செல் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை மாற்றிப் பயனில்லை. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. இரண்டில் ஒன்றின் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

படிகம் ஏன் பிசகுகிறது

இரண்டு கடிகாரங்களுக்கும் அடிப்படை குவார்ட்ஸ் படிகம். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது இசைக்கவை வடிவில் வெட்டப்பட்ட சிறு துண்டு. வினாடிக்கு 32,768 முறை அதிரும்படி அதைச் செய்கிறார்கள். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் 1 வரும். அதுதான் ஒரு வினாடி.

ஆனால் எந்தப் படிகமும் சரியாக 32,768 முறை அதிர்வதில்லை. சாதாரணப் படிகத்துக்கு பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிழை இருக்கலாம். கேட்கச் சிறியதாகத் தோன்றும் இந்தப் பிழை ஒரு நாளில் 1.7 வினாடி ஆகிறது, ஒரு மாதத்தில் ஏறத்தாழ 50 வினாடி. ஒரு வருடம் கண்டுகொள்ளாமல் விட்டால் பத்து நிமிடத்தைத் தாண்டும்.

வெப்பமும் சேர்ந்துகொள்ளும். இசைக்கவைப் படிகங்கள் 25 டிகிரி செல்சியஸில் நன்றாக இயங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். 45 டிகிரியில் நாள் ஒன்றுக்கு ஒரு வினாடிக்குச் சற்று மேல் கூடுதலாகப் பின்தங்கும். ஏ.சி. இல்லாத கடையில் கூரைக்கு அருகே பொருத்திய சிசிடிவி பதிவுப் பெட்டி மே மாதத்தில் எப்படி ஓடும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே ஒரு முறை மணியைச் சரியாக வைத்துவிட்டால் போதும் என்பது நடக்காத காரியம். அடுத்த வினாடியிலிருந்தே அது விலகத் தொடங்குகிறது. தொடர்ந்து ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒப்பிடுவதற்கான நேரம் எங்கே இருக்கிறது

1967 முதல் ஒரு வினாடி என்பதற்கு வரையறை சீசியம் அணுதான். அதன் குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிரும் கால அளவே ஒரு வினாடி. இந்தியாவில் டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இத்தகைய அணுக் கடிகாரங்களை வைத்து இந்தியத் திட்ட நேரத்தைப் பேணுகிறது.

உலகெங்கும் 80க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் தங்கள் அணுக் கடிகாரங்களின் அளவீடுகளைப் பாரிஸ் அருகே செவ்ர் நகரிலுள்ள சர்வதேச எடையளவுக் கழகத்துக்கு அனுப்புகின்றன. அங்கே எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் யு.டி.சி. உருவாகிறது. எந்த ஆய்வகம் எத்தனை நானோ வினாடி விலகியிருந்தது என்ற அறிக்கை மாதம் ஒரு முறை பிறகுதான் வரும். உலகின் மிகச் சரியான நேரம் எந்த ஒரு கடிகாரத்திலும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. பல கடிகாரங்களின் ஒப்பீட்டில் கிடைக்கும் கணக்கு அது.

தந்திக் காலத்திலேயே இந்தத் தேவை இருந்தது. 1906ல் இந்தியத் திட்ட நேரம் வருவதற்கு முன்பு, இந்திய ரயில்கள் மெட்ராஸ் வானாய்வகம் கணித்த மெட்ராஸ் நேரத்தை வைத்துத்தான் ஓடின. ஊருக்கு ஒரு நேரம் இருந்தால் ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே ரயில் விட முடியாது.

தூரத்திலிருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பது எப்படி

டெல்லியிலுள்ள சர்வரிடம் மணி கேட்டால், பதில் வந்து சேர்வதற்குள் அந்த மணி பழையதாகிவிடும். எத்தனை மில்லி வினாடி பழையது என்று தெரியாவிட்டால் பதிலால் பயனில்லை. இதைத் தீர்த்தது என்.டி.பி. என்ற நேர ஒத்திசைவு நெறிமுறை. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கியது. 1985 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இப்போதைய நான்காம் பதிப்பு 2010ல் வரையறுக்கப்பட்டது. மில்ஸ் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார், 2024 ஜனவரியில் மறைந்தார். இணையத்தில் இன்றும் ஓடும் மிகப் பழைய நெறிமுறைகளில் இது ஒன்று.

இதன் வேலை நான்கு நேரக் குறிப்புகளில் அடங்கிவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டு:

1. உங்கள் கணினி தன் கடிகாரத்தில் சரியாக 10 மணி ஆகும்போது கேள்வியை அனுப்புகிறது. இதை 0 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்வோம்.
2. சர்வருக்குக் கேள்வி கிடைக்கும்போது சர்வரின் கடிகாரம் 250 மில்லி வினாடி காட்டுகிறது.
3. சர்வர் பதிலை அனுப்பும்போது அதே கடிகாரம் 251 காட்டுகிறது.
4. பதில் வந்து சேரும்போது உங்கள் கடிகாரம் 41 காட்டுகிறது.

உங்கள் கடிகாரப்படி கேள்வி போய் பதில் வர 41 மில்லி வினாடி. அதில் 1 மில்லி வினாடி சர்வருக்குள்ளேயே போனது. எனவே வழியில் செலவானது 40. போகும்போது 20, வரும்போது 20 என்று எடுத்துக்கொண்டால், சர்வர் 250 காட்டியபோது உங்கள் கடிகாரம் 20 காட்டியிருக்கும். ஆகவே உங்கள் கணினி 230 மில்லி வினாடி பின்தங்கியிருக்கிறது. இரண்டு கடிகாரங்களும் முதலிலேயே ஒத்துப்போக வேண்டிய அவசியம் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. அதுதான் இதன் அழகு.

பலவீனமும் இதே கணக்கில்தான் இருக்கிறது. போக 30, வர 10 ஆகியிருந்தால் விடையில் 10 மில்லி வினாடி பிழை வரும். அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆனால் எவ்வளவு மோசமானாலும் பிழை, வழியில் செலவான நேரத்தில் பாதியைத் தாண்டாது. அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

கேள்வியும் பதிலும் தலா 48 பைட் மட்டுமே. யு.டி.பி. என்ற தகவல் அனுப்பும் முறையில், 123ஆம் போர்ட் (கணினி வலையில் எண்ணிட்ட வாசல்) வழியாகப் போகின்றன. சர்வர்கள் அடுக்குகளாக இருக்கின்றன. அணுக் கடிகாரத்துக்கோ ஜி.பி.எஸ். கருவிக்கோ அடுக்கு எண் 0. அதோடு நேரடியாக இணைந்த சர்வர் 1. அதனிடம் கேட்பது 2. இந்த எண் மூலத்திலிருந்து எத்தனை படி தள்ளியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை. 16 என்று காட்டினால் அந்தச் சர்வருக்கே நேரம் தெரியாது என்று பொருள்.

சர்வரே தவறாகச் சொன்னால்

2012 நவம்பர் 19 அன்று இப்படி நடந்தது. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் புகழ்பெற்ற இரண்டு நேர சர்வர்கள் சிறிது நேரத்துக்கு ஆண்டை 2000 என்று அறிவித்தன. உலகமே நம்பும் நிறுவனம் அது. அவற்றை மட்டுமே நம்பியிருந்த கணினிகளில் சில கேள்வி கேட்காமல் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னால் போயின. அலுவலக லாகின் சர்வர்கள் குழம்பின.

என்.டி.பி.க்குள் இதற்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பல சர்வர்களிடம் கேட்டு, ஒவ்வொன்றின் பதிலையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்ளாமல் 'இந்த இடைவெளிக்குள் சரியான நேரம் இருக்க வேண்டும்' என்று எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான இடைவெளிகள் எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவோ அங்கேதான் உண்மை இருக்கிறது என்று முடிவு செய்கிறது. அதற்கு வெளியே நிற்கும் சர்வரைப் பொய்க் கடிகாரம் என்று ஒதுக்கிவிடுகிறது.

இதற்கு எத்தனை சர்வர் வேண்டும்? ஒன்று இருந்தால் அது சொன்னதே வேதம். இரண்டு இருந்து முரண்பட்டால் யாரை நம்புவது என்று தெரியாது. மூன்று இருந்தால் ஒரு பொய்யைக் கண்டுபிடிக்கலாம். நான்கு இருந்தால் அதில் ஒன்று நின்றுபோனாலும் கண்டுபிடிக்கும் திறன் மிஞ்சும். பல அலுவலகங்களில் இரண்டை மட்டும் அமைத்துவிட்டுப் பாதுகாப்பு இருப்பதாக நினைக்கிறார்கள். பிழையைக் கண்டுபிடிப்பதைப் பொறுத்தவரை இரண்டு சர்வரும் ஒரு சர்வரும் ஏறத்தாழ ஒன்றே.

எப்படித் திருத்துகிறது

விலகல் தெரிந்தவுடன் முள்ளைத் தள்ளி வைத்துவிட முடியாது. நேரம் பின்னால் குதித்தால், ஒரு வங்கிப் பதிவு தனக்கு முந்தைய பதிவைவிட முன்னதாக நடந்ததுபோல் ஆகிவிடும். எனவே விலகல் சிறிதாக இருந்தால், கடிகாரத்தைச் சற்றே வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டுச் சரிசெய்கிறது. வினாடிக்கு அதிகபட்சம் அரை மில்லி வினாடி. ஒரு முழு வினாடி விலகலை இப்படித் தீர்க்க 33 நிமிடம் ஆகும். மூல என்.டி.பி. நிரலில் விலகல் 128 மில்லி வினாடியைத் தாண்டி நீடித்தால்தான் குதிக்கும். 1000 வினாடியைத் தாண்டினால் எங்கோ பெரிய தவறு என்று கருதி நின்றுவிடும், மனிதர் வந்து பார்க்க வேண்டும். 2012 சம்பவத்தில் இந்த எல்லையை வைத்திருந்த கணினிகள் 2000க்குப் போகவில்லை.

நாளடைவில் அது இன்னொன்றையும் கற்றுக்கொள்கிறது. இந்தப் படிகம் எந்தத் திசையில், எவ்வளவு பிசகுகிறது என்பதைக் கணக்கிட்டு ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. இணையம் சில மணி நேரம் துண்டிக்கப்பட்டாலும் அந்தக் கணக்கை வைத்து ஓரளவு சரியாக ஓட்டிவிடும்.

நேரம் பிசகினால் என்ன ஆகும்

1. இணையதளங்கள் திறக்காது. ஒவ்வொரு பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பட்டன் செல் தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னால் போனால், பிரவுசர் எல்லாத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று தடுக்கும்.

2. லாகின் செய்யக் கேட்கும் ஆறு இலக்கக் குறியீடு தவறு என்று வரும். ஆதென்டிகேட்டர் செயலிகள் நேரத்தை 30 வினாடித் துண்டுகளாக வெட்டி அதிலிருந்து எண்ணை உருவாக்குகின்றன. போன் இரண்டு நிமிடம் விலகியிருந்தால் எண் பொருந்தாது. நேரம்தான் காரணம் என்று எந்தச் செய்தியும் சொல்லாது.

3. அலுவலக லாகின் மறுக்கப்படும். கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை இயல்பாக 5 நிமிட விலகல் வரைதான் பொறுத்துக்கொள்ளும்.

4. சாட்சியம் பிசகும். எனக்கு இதுதான் மிகப் பெரிதாகத் தெரிகிறது. ஒரு கணினி ஊடுருவலை விசாரிப்பவர் ஃபயர்வால் (வலைக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் காவல்), மெயில் சர்வர், தரவுத்தளம் மூன்றின் பதிவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பார். மூன்றும் மூன்று நேரம் காட்டினால் எது முதலில் நடந்தது என்பதே தெரியாமல் போகும். காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். செர்ட்-இன் உத்தரவு பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொன்னதும் நேரத்தை ஒத்திசைக்கச் சொன்னதும் ஒரே தாளில் இருப்பது இதனால்தான். சிசிடிவிக்கும் இது பொருந்தும். பதிவுப் பெட்டி 11 நிமிடம் முன்னால் ஓடினால், சம்பவ இடத்தில் இல்லாத ஒருவர் இருந்ததாகத் தோன்றலாம், இருந்தவர் இல்லாததாகத் தோன்றலாம். ஒரு மனிதரின் விடுதலை அந்தப் பதினொரு நிமிடத்தில் இருக்கக்கூடும்.

லீப் வினாடி என்ற தலைவலி

பூமியின் சுழற்சி அணுக் கடிகாரம்போல் சீரானது அல்ல. இரண்டையும் ஒட்ட வைக்க 1972 முதல் 27 முறை யு.டி.சி.யில் ஒரு வினாடி சேர்த்திருக்கிறார்கள். கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31. 2012 ஜூன் 30 அன்று சேர்த்த வினாடி லினக்ஸில் இருந்த ஒரு பிழையைக் கிளப்பிப் பல சர்வர்களைத் திணறடித்தது. 2017 புத்தாண்டில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் மென்பொருள் ஒன்று, நேரம் பின்னால் போகவே போகாது என்று நம்பி எழுதப்பட்டதால் சிக்கிக்கொண்டது. கூகுள் அந்த ஒரு வினாடியை 24 மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிவிடும் முறையைக் கையாள்கிறது. அந்த முறையில் நேரம் தரும் சர்வரையும் மற்ற சர்வர்களையும் ஒரே பட்டியலில் கலந்தால் அன்று அரை வினாடி வரை முரண்படும். 2035க்குள் இந்த வழக்கத்தை முடித்துக்கொள்ள 2022 நவம்பரில் சர்வதேச எடையளவு மாநாடு முடிவு செய்தது.

என்.டி.பி. சொல்லாத ஒன்று

என்.டி.பி. அனுப்புவது யு.டி.சி. மட்டுமே. நேர மண்டலத்தை அது சொல்வதில்லை. இலங்கை 1996 மே மாதத்தில் ஐந்தரையிலிருந்து ஆறரைக்கும், அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கும், 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்கும் மாறியது. இப்படிப்பட்ட மாற்றங்கள் இயங்குதளத்தில் உள்ள மண்டலப் பட்டியல் வழியாகத்தான் கணினிக்கு வர வேண்டும். எனவே மணி சரியாக அரை மணி அல்லது முழு மணிக் கணக்கில் தவறினால் மண்டலத்தைப் பாருங்கள். ஒழுங்கில்லாத நிமிடம், வினாடிக் கணக்கில் தவறினால் ஒத்திசைவைப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

1. வீட்டுக் கணினியில் 'நேரத்தைத் தானாக அமை' இயங்குகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கடைசியாக எப்போது வெற்றிகரமாக ஒத்திசைந்தது என்ற வரியைப் பாருங்கள். பொத்தான் போட்டிருந்தும் மாதக்கணக்கில் ஒத்திசையாத கணினிகள் உண்டு. பெரும்பாலும் வழியில் உள்ள ஃபயர்வால் 123ஆம் போர்ட்டை மூடியிருக்கும்.

2. அலுவலகத்தில் எல்லாக் கணினியும் வெளியே போய்க் கேட்க வேண்டாம். இரண்டு மூன்று கணினிகள் வெளியிலுள்ள நான்கு சர்வர்களிடம் கேட்கட்டும். மற்றவை இவற்றிடம் கேட்கட்டும். 2003ல் நெட்கியர் ரவுட்டர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஒரே சர்வர் முகவரியை உள்ளேயே பதித்து விற்கப்பட்டதால், வினாடிக்கு இரண்டரை லட்சம் கேள்விகள் அங்கே குவிந்தன. இலவசமாக நேரம் தருபவர்களைச் சிரமப்படுத்தாமல் இருப்பது அடிப்படை மரியாதை.

3. சிசிடிவி வலை இணையத்தோடு இணையாமல் தனியாக இருந்தால், அதற்குள்ளேயே ஒரு நேர சர்வர் வையுங்கள். பெட்டியில் ஏதோ ஒரு முகவரி எழுதியிருப்பது போதாது, அந்த முகவரியை அது எட்ட வேண்டும். காட்சியை வெட்டிக் காவல்துறைக்குக் கொடுக்கும்போது, பெட்டியின் மணிக்கும் சரியான மணிக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நேரத்திலேயே தாளில் எழுதிக் கொடுங்கள்.

4. பழைய என்.டி.பி. பதிலில் கையெழுத்து இல்லை. நடுவில் இருப்பவர் மாற்றிவிட முடியும். நேரத்தைப் பின்னால் தள்ளினால் காலாவதியான சான்றிதழும் செல்லுபடியாகும். 2020ல் வரையறுக்கப்பட்ட என்.டி.எஸ். என்ற பாதுகாப்பு அடுக்கு இதைத் தடுக்கிறது. ஆனால் அதற்கே சான்றிதழ் சரிபார்க்கத் தோராயமான தேதி தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பட்டன் செல்லை மறந்துவிடக் கூடாது.

5. நீண்ட நாள் ஓடப்போகும் கருவி வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரிடம் 2036 பற்றிக் கேளுங்கள். என்.டி.பி. 1900 ஜனவரி 1 முதல் வினாடிகளை 32 பிட்டில் எண்ணுகிறது. 2036 பிப்ரவரி 7, இந்திய நேரம் காலை 11 மணி 58 நிமிடம் 16 வினாடிக்கு அந்த எண் நிரம்பி 0 ஆகும். ஒழுங்காக எழுதிய மென்பொருள் அது புதிய சுற்று என்று புரிந்துகொள்ளும். மற்றவை அன்று 1900 ஜனவரி 1 என்று பதிவு செய்யும்.